விருந்தினர் அறைக்குப் பெயிண்டும் படுக்கை விரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து அத்தை வருகிறார் என்று போன் வரும்போதுதான் பலருக்கும் அந்த அறை ஞாபகத்துக்கு வருகிறது. ஓரத்தில் அயர்ன் மேஜை, கட்டில் மேல் மடிக்காத துணி, சுவரில் தொட்டால் கையில் ஒட்டும் பழைய டிஸ்டம்பர். வீடுகளுக்குப் பெயிண்ட், திரைச்சீலை, விரிப்பு தேர்ந்து கொடுப்பது என் வேலை. அந்த அறையைச் சரிசெய்ய உட்காரும்போது என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில் சொல்லும்போது என் மனதில் இருப்பது நம் ஊர் வீடுகளில் சாதாரணமாக அமையும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை: ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒன்றோ இரண்டோ ஜன்னல், மேலே ஒரு பரண்.

முதலில் எதைத் தேர்ந்தெடுப்பது, பெயிண்டையா பெட்ஷீட்டையா?

பெட்ஷீட்டை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பெயிண்ட் கடையில் இருக்கும் டிண்டிங் மெஷின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்களைக் கலந்து தரும். பெட்ஷீட்டுக்கு அந்த வசதி இல்லை. கடைக்காரர் பிரித்துப் போடும் இருபது முப்பதில் நல்ல நூல், சரியான அளவு, மனதுக்குப் பிடித்த நிறம் மூன்றும் ஒன்றாக அமைவது இரண்டோ மூன்றோதான். சுவரை முதலில் அடித்துவிட்டு அதற்கு ஒத்துப்போகும் விரிப்பைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஏதோ ஒன்றை வாங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாங்கிய விரிப்பைக் கட்டிலில் போட்டு, அதில் குறைவாக வரும் வெளிர் நிறம் எது என்று பாருங்கள். போன மாதம் ஒரு வீட்டில் சென்னிமலை கைத்தறிப் பெட்ஷீட் ஒன்றை விரித்தோம். அரக்கும் கருநீலமும் அகலப் பட்டையாக ஓடின. இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குச் சந்தன நிறக் கோடு ஒன்று. அந்தக் கோட்டின் நிறத்தைத்தான் சுவருக்கு எடுத்தோம். பட்டையாக இருந்த அரக்கு ஜன்னல் திரையின் ஓரத்தில் மட்டும் வந்தது. அறைக்குள் நுழைந்ததும் கண் நேராகக் கட்டிலுக்குப் போனது. விருந்தினர் அறையில் கண் போக வேண்டிய இடமும் அதுதான்.

பெட்ஷீட்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று உண்டு: தரை, கதவு, பீரோ. இவற்றை நீங்கள் மாற்றப் போவதில்லை. சிவப்பு ஆக்ஸைடு தரை உள்ள அறைக்கும் வெள்ளை டைல்ஸ் போட்ட அறைக்கும் ஒரே நிறம் ஒத்துவராது. பெட்ஷீட் கடைக்குப் போகும்போது தரையையும் கதவையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

ஷேட் கார்டில் பிடித்த நிறம் சுவருக்கு வந்ததும் வேறு மாதிரி தெரிகிறதே, ஏன்?

ஷேட் கார்டில் நீங்கள் பார்ப்பது தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு துண்டு. அதே நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் சேர்ந்து நிறம் கூடிவிடுகிறது. இளம் மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாவதும், பீச் ஆரஞ்சாவதும் இப்படித்தான். கார்டில் எது பிடிக்கிறதோ அதற்கு ஒரு படி வெளிறியதை எடுத்தால் சுவரில் நீங்கள் நினைத்தது வரும்.

இன்னொரு காரணம் விளக்கு. இதை நான் என் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். கடையில் மத்தியான வெளிச்சத்தில் பார்த்து ஒரு பிஸ்தா பச்சையை எடுத்தேன். பகலில் வாழைக்குருத்து மாதிரி குளுமையாக இருந்தது. இரவில் டியூப்லைட்டைப் போட்டதும் ஆஸ்பத்திரி வராண்டா போல ஆகிவிட்டது. முதல் விருந்தாளியாக வந்து தங்கிய என் பெரியம்மா, படுக்கும்வரை விளக்கை அணைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நம் வீடுகளில் மாட்டும் எல்.இ.டி. டியூப்கள் பெரும்பாலும் 6500 கெல்வின் வெளிச்சம் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு). அதில் நீலம் தூக்கலாக இருக்கும். சந்தனம், கிரீம், பிஸ்தா மாதிரியான நிறங்கள் அதில் கொஞ்சம் செத்துப்போய்த் தெரியும். பெயிண்டை மாற்றாமல் மஞ்சள் சாயல் உள்ள 3000 கெல்வின் விளக்கை மாட்டினேன். பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்தது.

விருந்தாளி அந்த அறையைப் பார்ப்பது பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்கு மேலும் காலை ஆறு மணிக்கும்தான். பகலில் எல்லோரும் ஹாலில் இருப்பார்கள். அதனால் நிறத்தை இரவு விளக்கில் பார்த்து முடிவு செய்யுங்கள். சிறிய சாம்பிள் டப்பா வாங்கி, வெள்ளை சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது வெளிறித் தெரியும், காய்ந்ததும் கொஞ்சம் அடர்ந்துவிடும். ஈரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். காய்ந்த அட்டையை ஜன்னலோரச் சுவர், எதிர்ச்சுவர், கட்டில் தலைமாடு என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள். பழைய பெயிண்ட் மேல் நேராக அடித்துப் பார்த்தால் பக்கத்தில் இருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும்.

ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமா?

பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இணையத்தில் படிக்கும் குளிர்நாட்டு ஆலோசனை நமக்கு அப்படியே பொருந்தாது. வடக்கு ஜன்னல் அறைக்கு நேர் வெயிலே வராது என்று அங்கே எழுதுவார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. கோடையில் வடக்கு ஜன்னலிலும் வெளிச்சம் நன்றாகவே வரும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே தாழ்ந்துவிடுவதால் தெற்கு ஜன்னல் வழியே வெயில் உள்ளே நீண்டு விழும்.

நம் ஊரில் உண்மையான கேள்வி மேற்குதான். மேற்கு ஜன்னலில் மாலை நான்கு மணி வெயில் செம்மஞ்சளாக வரும். அந்த அறையில் பீச், ஆரஞ்சு, அடர் மஞ்சள் அடித்தால் சாயங்காலத்தில் அறை கொதிப்பது போல ஒரு உணர்வு. மங்கின நீலம், சாம்பல் கலந்த பச்சை, வெள்ளை இவை அந்த வெயிலைத் தாங்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உள்சுவரில் எந்த நிறம் அடித்தாலும் அறையின் சூடு குறையாது. சூடு வருவது மொட்டை மாடியிலிருந்தும் மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்தும். அதற்குச் செய்ய வேண்டியது மாடித் தளத்துக்கு வெள்ளைக் கோட்டிங்கும் வெளிச்சுவருக்கு வெளிர் நிறமும்.

சரி, ஒரு நிறம் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

தரையைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். சிவப்பு ஆக்ஸைடு தரை என்றால் சுண்ணாம்பு வெள்ளைக்கு மிக அருகில் இருக்கும் ஒரு வெள்ளை. பழைய செட்டிநாட்டு வீடுகளில் பார்க்கும் அந்தச் சேர்க்கை கண்ணுக்கு அலுப்பதில்லை. கிரீம் நிற டைல்ஸ் தரைக்குக் கிரீம் சுவர் வேண்டாம். இரண்டு கிரீமும் ஒன்றுபோல இருக்காது. ஒன்று அழுக்காகத் தெரியும். அதற்குச் சாம்பல் கலந்த பச்சையோ, வெங்காயத் தோலின் உள்பக்கம் போன்ற வெளிறிய ரோஸோ நன்றாக வரும். வெள்ளை டைல்ஸுக்குச் சந்தனம். புள்ளிபோட்ட பழைய மொசைக் தரையில் குனிந்து பார்த்தால் பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று கற்கள் தெரியும்; அதில் ஒன்றை வெளிறவைத்து எடுங்கள்.

பெயிண்ட் கடையில் நிறத்தின் பெயர்கள் நினைவில் நிற்பதில்லை. நம் புடவை நிறங்கள் நிற்கும். வாழைத்தண்டு, மாந்தளிர், வெங்காயத் தோல், மயில் கழுத்து என்று சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நிறம்தான் மனதில் வரும். புடவை ஒன்றையே கடைக்கு எடுத்துப்போய் அதற்கு நெருக்கமான ஷேட்டைக் கேட்பது நல்ல வழி. அந்த ஷேட்டின் கோடு (code) எண்ணை மட்டும் மறக்காமல் எழுதி வாங்குங்கள்.

கட்டிலுக்குப் பின்னால் ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் கட்டில் எந்தப் பக்கம் நிற்கும் என்பது முதலில் முடிவாக வேண்டும். அது வெறும் இட வசதிக் கேள்வி இல்லை. ‘உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உங்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வருகிற பெரியவர்கள் பலருக்கு வடக்கே தலை வைத்தால் தூக்கம் வராது. ஒரு வீட்டில் வடக்குச் சுவருக்குக் கருநீலம் அடித்துத் தலைமாட்டை அங்கே வைத்திருந்தார்கள். வந்த தாத்தா தலையணையைக் கால்மாட்டுக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு, விசிறிக் காற்று முகத்தில் படாமல் படுத்திருந்தார். அந்தச் சுவரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வார்த்தை யோசித்திருக்கலாம். வாஸ்து பார்ப்பவர்கள் விருந்தினர் அறையை வடமேற்கு மூலையில் வைப்பார்கள். அப்படி அமைந்த அறையிலும் தலைமாட்டைத் தெற்குச் சுவரிலோ கிழக்குச் சுவரிலோ வைத்துக்கொள்ளலாம்.

அடர் நிறத்துக்கு இரண்டு கோட் பெரும்பாலும் போதாது. பெயிண்டுக்கு அடியில் முதலில் அடிக்கும் பிரைமர் மேல் மூன்று கோட் கேட்கும்; பெயிண்டரிடம் கூலி பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். மேடு பள்ளமாக வரும் டெக்ஸ்சர் பெயிண்டை நான் இந்த அறைக்குச் சொல்வதில்லை. வாரக்கணக்கில் பூட்டியிருக்கும் அறையில் அதன் ஒவ்வொரு வரியிலும் தூசி படியும். வருகிறவர் தலை அதன் கீழேதான் இருக்கும்.

எப்போதாவது பயன்படுத்தும் அறைதானே, டிஸ்டம்பர் போதாதா?

போதாது. டிஸ்டம்பர் அடித்த சுவரில் முதுகு சாய்த்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் நிறமே கையோடு வரும். நம் ஆட்கள் கட்டிலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துதான் பேசுவார்கள். தலையில் தேங்காய் எண்ணெய். கட்டில் மட்டத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் தலை அளவுக்கு ஒரு வட்டக் கறை எத்தனை வீடுகளில் பார்த்திருப்பீர்கள்! ஒருமுறை எண்ணெய் இறங்கிவிட்டால் அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் ஒரு நிழல் தெரிந்துகொண்டே இருக்கும்; ஸ்டெயின் பிளாக்கர் பிரைமர் போட்டால்தான் மறையும்.

கழுவக்கூடிய எமல்ஷன் வாங்குங்கள். பட்டி பார்த்த, அதாவது புட்டி பூசித் தேய்த்த, சுவர் வழவழப்பாக வந்திருந்தால் லேசான மினுமினுப்பு உள்ள ஃபினிஷ் எடுக்கலாம், துடைக்கச் சுலபம். மேடு பள்ளம் உள்ள பழைய சுவர் என்றால் மினுமினுப்பு ஒவ்வொரு குறையையும் காட்டிக்கொடுக்கும்; அதற்கு மேட் ஃபினிஷ்தான். நடுவழியாக, மூன்று சுவருக்கு மேட், தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் அதே நிறத்தில் மினுமினுப்பு ஃபினிஷ் என்று சில வீடுகளில் செய்திருக்கிறேன். எந்த ஃபினிஷ் ஆனாலும் தலைமாட்டில் ஒரு பலகையோ துணி மெத்தை வைத்த ஹெட்போர்டோ இருந்தால் அந்தக் கறைக்கே வேலை இல்லை.

சுவரில் ஓதம் இருக்கிறது. மேலே புதுப் பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடுமா?

ஒரு மழைக்காலம்வரை மறைந்திருக்கும். அப்புறம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கி, தட்டினால் பட்டியோடு உதிரும். வெள்ளையாகப் பூத்திருப்பது சிமெண்டிலும் செங்கல்லிலும் இருக்கிற உப்பு. உள்ளிருந்து வரும் ஈரம் அதைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, காய்ந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் செய்யும் எதுவும் வீண் செலவு. பின்பக்கம் பாத்ரூம் குழாயா, மொட்டை மாடி விரிசலா, ஜன்னல் சன்ஷேடில் தேங்கும் மழைத் தண்ணீரா என்று பார்த்து, அதை அடைத்து, சுவர் முழுக்கக் காய்ந்த பிறகே பெயிண்டர் வர வேண்டும். கைக்கு ஈரம் தெரியவில்லை என்பது போதாது. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தால் இன்னும் காயவில்லை. புதிதாகப் பூசிய சுவர் என்றால் பெயிண்டுக்கு முன் குறைந்தது 28 நாள் காய விட வேண்டும்.

பணம் குறைவாக இருந்தால் பெயிண்டின் தரத்தில் ஒரு படி இறங்குங்கள். ஓத வேலையிலும் பட்டியிலும் கை வைக்காதீர்கள்.

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது?

பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் பத்து அடி என்றால் நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. பரப்பு 440 சதுர அடி. கதவு ஏழுக்கு மூன்று, 21. நாலடி ஜன்னல் இரண்டு, 32. கழித்தால் 387 சதுர அடி. நான் லிட்டருக்கு இரண்டு கோட்டில் 120 சதுர அடி என்று வைத்துக் கணக்குப் போடுவேன். அந்தக் கணக்கில் 3.2 லிட்டர் ஆகிறது. நாலு லிட்டர் டப்பா ஒன்று போதும். சீலிங் 120 சதுர அடி, அதற்கு வெள்ளையில் ஒரு லிட்டர். மிச்சமாகும் முக்கால் லிட்டரைக் காற்றுப் புகாமல் மூடி, மேலே கோடு எண்ணும் தேதியும் எழுதிப் பரணில் வையுங்கள். கறை படிந்த இடத்தில் தொட்டு அடிக்க உதவும்.

விருந்தாளி வரும் தேதிக்கு எத்தனை நாள் முன்னால் முடிக்க வேண்டும்?

பத்து நாள் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் காய வேண்டும். மழை நாளில் இன்னும் கூடும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அடிப்பதைத் தவிருங்கள். பெயிண்டர் ஒரே நாளில் மூன்று வீடு பார்ப்பார், வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் தொடங்கியிருக்கும். பொங்கல் முடிந்து தை, மாசியில் அடித்தால் சுவரும் காயும், ஆளும் கிடைப்பார்.

வேலை முடிந்த பிறகு ஜன்னலைத் திறந்து விசிறியைப் போட்டுவிடுங்கள். வாசனை முழுக்கப் போன பிறகே கைக்குழந்தையையோ ஆஸ்துமா உள்ளவரையோ அந்த அறையில் படுக்க வைக்க வேண்டும். கதவு, ஜன்னல் கம்பிக்கு எனாமல் அடித்தால் அதன் நெடிதான் கடைசியாகப் போகும். அதனால் எனாமல் வேலையை முதலில் முடித்துவிடுவது நல்லது.

பழைய வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. மத்திய அரசு 2016-ல் அறிவித்து 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் அடித்த கதவு ஜன்னல் எனாமலில் ஈயம் அதிகமாக இருந்திருக்கலாம். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும்போது பறக்கும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், பெயிண்டரை முகக்கவசம் போடச் சொல்லுங்கள், அன்று குழந்தைகள் வீட்டில் இருக்க வேண்டாம்.

பெட்ஷீட்டில் ‘த்ரெட் கவுண்ட்’ ஆயிரம் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

ஒரு சதுர அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சேர்ந்து எத்தனை என்பதுதான் த்ரெட் கவுண்ட். நல்ல பருத்தியில் 200 முதல் 300 வரை நம் ஊர் வெப்பத்துக்குத் தாராளம். அதற்கு மிக மேலே போகும் எண்கள் பலவும், முறுக்கிய நூலின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணிப் போட்டவை. துணி கனமாகும், காற்று ஓட்டம் குறையும், வியர்க்கும்.

எண்ணைவிட நான் கவலைப்படுவது நூல் எது என்பதில்தான். பெயரில் ‘காட்டன்’ என்று இருக்கும், கையில் வழுக்கிக்கொண்டு போகும், விலையும் மலிவாக இருக்கும். பெரும்பாலும் அது பாலியெஸ்டர். ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும். கடையில் இதைச் செய்ய முடியாது. ஒரே ஒரு தலையணை உறையை முதலில் வாங்கி வந்து பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம்.

நெசவில் சாதாரண ஒன்றுவிட்டு ஒன்று பின்னல், அதாவது பெர்கேல், காற்றோட்டமாக இருக்கும். சாட்டீன் பளபளக்கும், ஆனால் கொஞ்சம் சூடு. கரூர் விரிப்புகளும் சென்னிமலை கைத்தறியும் நம் பக்கத்திலேயே கிடைக்கும்போது தூரத்தில் தேட வேண்டியதில்லை. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கைத்தறி விரிப்புகள் பண்டிகைத் தள்ளுபடியில் வரும். அப்போது இரண்டு செட்டாக எடுத்து வைத்துக்கொள்வேன்.

அளவை எப்படிச் சொல்லி வாங்குவது? ‘டபுள்’ என்று வாங்கினால் மூலையில் பிய்த்துக்கொண்டு வருகிறது.

‘டபுள்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். ஆறேகால் அடிக்கு நாலடிக் கட்டிலும் டபுள், ஆறேகாலுக்கு ஐந்தும் டபுள். டேப் எடுத்து மெத்தையை அளங்கள், கனத்தையும் சேர்த்து. ஐந்தடி அகலம் என்றால் 60 அங்குலம். மெத்தை கனம் ஆறு அங்குலம், இரண்டு பக்கமும் சேர்த்து 12. அடியில் செருகப் பக்கத்துக்கு எட்டாக 16. மொத்தம் 88. தொண்ணூறுக்கு நூறு விரிப்பு போதும். ஆறடிக் கட்டிலுக்கு இதே கணக்கில் 100 வருகிறது, அதற்கு 108-க்கு 108. பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஹோட்டலில் போல முழு வெள்ளை விரிப்பு போடலாமா?

பார்க்க அழகுதான். ஆனால் நம் வீட்டுக்கு வருகிறவர் முகத்தில் மஞ்சள், நெற்றியில் குங்குமம், தலையில் எண்ணெய், கல்யாணத்துக்கு வந்தவர் என்றால் கையில் மருதாணி. வெள்ளை விரிப்பைப் பார்த்ததும் அவர் தயங்கித் தயங்கி ஓரமாக உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்தைக் கொடுக்கும் அறை எனக்குப் பிடிக்கவில்லை. மெத்தை விரிப்புக்கு வெளிர் நிறத்தில் சிறு கட்டமோ கோடோ இருக்கட்டும். தலையணை உறை மட்டும் ஒரு படி அடர்ந்த நிறமாக, ஒவ்வொரு தலையணைக்கும் இரண்டு உறை.

மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் இரத்தச் சிவப்பாக மாறும். பயந்து அதைப் போட்டுத் தேய்க்க வேண்டாம். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். அலசிவிட்டு நல்ல வெயிலில் ஈரத்தோடு காயப்போடுங்கள். வெயிலே நிறத்தை வாங்கிவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று வெயிலில் போய்விடும். சாயத் துணியை இப்படி நேர் வெயிலில் போடக் கூடாது, நிழலில்தான்.

தலையணை இலவம் பஞ்சா, ஃபைபரா?

எனக்கு இலவம் பஞ்சுதான். வெப்பத்தைப் பிடித்து வைக்காது, கழுத்துக்கு அடங்கிக் கொடுக்கும். ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். தண்ணீரில் நனைத்துத் துவைக்க முடியாது. மாதம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டிப் புரட்ட வேண்டும். சில வருடத்தில் கட்டி தட்டிவிட்டால் பஞ்சு அடித்து நிரப்ப வேண்டும். பூட்டியே கிடக்கும் அறையில் இதெல்லாம் நடக்காது என்றால் துவைக்கக்கூடிய ஃபைபர் தலையணை இரண்டு, இலவம் பஞ்சு ஒன்று என்று வையுங்கள். எந்தத் தலையணையானாலும் ஜிப் வைத்த உள்ளுறை அவசியம். மெத்தைக்கும் அப்படியே ஒரு புரொடெக்டர். தூசிப் பூச்சி அலர்ஜி உள்ளவர் வருகிறார் என்றால் உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால்தான் பூச்சி சாகும்.

வயதானவர்கள் வந்து தங்குவார்கள். அவர்களுக்காக எதைக் கவனிக்க வேண்டும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப் போகிறது. வெளிர் நீலமும் வெளிர் பச்சையும் அவர்களுக்கு ஒன்றாகத் தெரியும். கிரீம் தரை, கிரீம் விரிப்பு, கிரீம் சுவர் என்று இருந்தால் கட்டில் எங்கே முடிகிறது என்று பிடிபடாது. உட்காரும்போது ஓரத்தில் சறுக்கும். விரிப்பு தரையைவிடத் தெளிவாக அடர்ந்தோ வெளிறியோ இருக்கட்டும். பாத்ரூம் கதவின் நிறம் சுவரிலிருந்து பிரிந்து தெரியட்டும். வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச் போர்டு இருந்தால் அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு அடர் நிறக் கட்டம் அடித்துவிடச் சொல்வேன். பெயிண்டருக்கு ஐந்து நிமிட வேலை. இரவில் எழுந்து சுவரைத் தடவுகிற கைக்கு அது பெரிய உதவி.

விரிப்பு தரையில் புரளும் அளவுக்குத் தொங்க வேண்டாம், கால் தட்டும். மெத்தையோடு சேர்த்துக் கட்டில் உயரம் முழங்கால் மட்டம் இருந்தால் எழுந்திருக்கச் சிரமம் இருக்காது.

ஒரு கட்டில்தான் இருக்கிறது. குடும்பமாக ஐந்து பேர் வந்தால்?

வருவார்கள். அதனால் கட்டிலைச் சுவரோடு ஒட்டி, ஒரு பக்கம் ஆறடி நீளத்துக்குத் தரையைக் காலியாக விடுங்கள். பவானி ஜமுக்காளம் ஒன்று, அதன் மேல் விரிக்க மடிக்கும் மெத்தை ஒன்று, இரண்டு பாய். பத்தமடைப் பாயின் நுணுக்க ரகம் தினசரிப் படுக்கைக்கு இல்லை. சாதாரணக் கோரைப்பாயே போதும். ஜமுக்காளத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைக் கட்டில் விரிப்பை வாங்கும்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் விரிந்திருக்கும்போது அறை நிறைந்து அழகாக இருக்கும்.

வாடகை வீடு. பெயிண்ட் அடிக்க ஓனர் விடமாட்டார்.

விளக்கை 3000 கெல்வினுக்கு மாற்றுங்கள். ஜன்னல் சட்டத்துக்கு மேலே கூரையை ஒட்டிக் கம்பி மாட்டி, தரைவரை திரை விடுங்கள். நல்ல விரிப்பு போடுங்கள். சுவர் பின்னுக்குப் போய்விடும்.

விரிப்பு, போர்வைகளைப் பீரோவில் வைக்க அந்துருண்டை போடலாமா?

வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்துருண்டை நாஃப்தலீன். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு, அந்துருண்டை போட்டு வைத்த துணியில் படுக்க வைத்தாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்திருக்காது. உங்கள் அறைக்கு வரும் விருந்தாளி பிறந்து முப்பது நாள் ஆன பேத்தியாகவும் இருக்கலாம்.

துவைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, சூடு ஆறிய பிறகு மடியுங்கள். சூட்டோடு மடித்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். விரிப்பும் இரண்டு உறைகளும் சேர்த்து ஒரு செட்டாக ஒரு உறைக்குள்ளேயே போட்டு வைத்தால் தேட வேண்டியிராது. நடுவில் காய்ந்த வேப்பிலையோ நொச்சி இலையோ மெல்லிய துணியில் முடிந்து வைக்கலாம். விருந்தாளி வருவதற்கு முதல் நாள் காலை எல்லாவற்றையும் எடுத்து மாடிக் கொடியில் ஒரு மணி நேரம் காற்றாடப் போடுங்கள். சாயங்காலம் விரித்துவிட்டு, தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரும் டம்ளரும் வைத்துவிடுங்கள்.